தீவு மர்ம நாவலுக்கு மதிப்புரை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை எல்லீஸ் நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டம் கூடுகிறது. வருபவர்களில் பாதிப் பேர், நான் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் என்னிடம் புத்தகம் வாங்கிப் படித்தவர்கள். அதனால் இன்றும் ‘டீச்சர்’ என்றே அழைக்கிறார்கள். அண்மைக் காலமாக அவர்களில் பலர் கோடைக்கென்றே ஆங்கிலத்தில் வெளியாகும் மர்ம நாவல்களை, குறிப்பாக அமெரிக்கத் தீவு ஒன்றில் வாழும் செல்வந்தக் குடும்பங்களின் ரகசியங்களைச் சொல்லும் நாவல்களை விரும்பிப் படித்து, அவற்றுக்குத் தமிழில் மதிப்புரையும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்ததும் அவர்களுக்கு எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

அச்சில் இருக்கும் நாவல் ஒன்றை உதாரணமாக எடுத்தால் அதன் முடிச்சை நானே அவிழ்த்தவளாகிவிடுவேன். ஆகவே எங்குமே வெளியாகாத ஒரு கதையை இந்தப் பக்கத்துக்காகவே கற்பித்துக்கொண்டேன். ஒரு தீவு, கரையிலிருந்து ஃபெர்ரியில் ஒரு மணி நேரம். மேட்டின் மேல் நான்கு தலைமுறையாக ஒரே குடும்பத்திடம் இருக்கும் கோடை வீடு. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் கூடுகிறார்கள். மறுநாள் காலை குடும்ப வக்கீல் படகுக் கொட்டகையில் இறந்துகிடக்கிறார். மூடுபனியால் ஃபெர்ரி நின்றுவிட, இரண்டு நாட்களுக்கு யாரும் வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கொன்றவர் இரண்டாவது மகள். வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருப்பதும், அடமானம் வைத்தவர் அவர் என்பதும் வக்கீலுக்குத் தெரிந்துவிட்டன. விழாவுக்கு முந்தின நாள் மாலை ஃபெர்ரியில் வந்து சேர்ந்ததாக அந்த மகள் சொல்வது பொய். அன்று மாலை ஃபெர்ரி ஓடவேயில்லை. ஆண்டு முழுவதும் அந்த வீட்டைப் பராமரிக்கும் பெண், ‘மாலைப் படகு வராததால் கரையிலிருந்து வரவேண்டிய கேக் வரவில்லை, நானே செய்ய வேண்டியதாயிற்று’ என்று மூன்றாம் அத்தியாயத்தில் வேறு பேச்சின் நடுவே சொல்லிவிடுகிறார். கீழே ‘மாதிரிக் கதை’ என்று நான் குறிப்பிடுவது இதையே.

“பீச் ரீட் என்கிறார்களே, அது என்ன வகை டீச்சர்? நமக்குத்தான் கடற்கரையே கிடையாதே?”

அது கதையின் வகையைக் காட்டிலும், கதை படிக்கப்படும் சூழலைக் குறிக்கும் பெயர். அமெரிக்காவில் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை வரும் நினைவு நாளுக்கும் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்துக்கும் இடைப்பட்ட வாரங்களே கோடை விடுமுறைக் காலமாகக் கொள்ளப்படுகின்றன. மணலில் படுத்தபடி படித்து, இடையில் எழுந்துபோய்க் குளித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சிரமமில்லாமல் தொடரக்கூடிய நாவல்களைப் பதிப்பாளர்கள் அந்தக் காலத்தை முன்னிட்டு வெளியிடுகிறார்கள். காதல், குடும்பம், மர்மம் எதுவும் அதில் வரலாம். குறுகிய அத்தியாயங்களும், ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் அடுத்ததைத் திறக்கவைக்கும் ஒரு கொக்கியும் அதன் பொது அடையாளங்கள்.

கடற்கரை இல்லாவிட்டாலும் இந்த வாசிப்பு நமக்குப் புதிதன்று. பேருந்து நிலையக் கடைகளில் வரிசையாகத் தொங்கிய மாத நாவல்களில் ஒன்றை வாங்கி, திருச்சி போய்ச் சேர்வதற்குள் முடித்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கிய தலைமுறை என்னுடையது. ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் நமக்குக் கற்றுக்கொடுத்த வேகத்தையும், மதுரையில் வாழ்ந்து 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் கற்றுக்கொடுத்த அமானுஷ்யக் கலப்பையும் மனத்தில் வைத்துப் படித்தால், பீச் ரீட் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உடனே விளங்கும்.

“ஏன் எப்போதும் தீவு? ஏன் எப்போதும் பணக்காரர்கள்?”

தீவு கதாசிரியருக்கு ஒரு வசதியைத் தருகிறது. கொலை நடந்தபோது அங்கே இருந்தவர்கள் யார் யார் என்ற பட்டியல் மூடிய பட்டியலாகிவிடுகிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்துவிட்டுப் போனார் என்று தப்பிக்க வழியில்லை. அகதா கிறிஸ்டி 1939-இல் டெவன் கடற்கரைக்கு அப்பாலுள்ள ஒரு தீவில் பத்துப் பேரை அடைத்துவைத்து எழுதிய நாவலுக்குப் பிறகு, இந்த அமைப்பை எத்தனையோ பேர் எடுத்தாண்டுவிட்டார்கள். அமெரிக்கக் கோடை நாவல்களில் அந்த இடத்தைப் பெரும்பாலும் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தீவுகளான நான்டக்கெட்டும் மார்த்தாஸ் வின்யார்டும், அல்லது அவற்றை நினைத்துப் படைக்கப்பட்ட கற்பனைத் தீவுகளும் பிடித்திருக்கின்றன. நான்டக்கெட், கேப் காட் நிலப்பகுதிக்குத் தெற்கே சுமார் 48 கிலோமீட்டர் தொலைவில், மூடுபனிக்குப் பெயர்பெற்ற கடலில் இருக்கிறது. திமிங்கில எண்ணெயால் செழித்து, அந்தத் தொழில் நசித்து, பிறகு கோடைக்கால விருந்தினரால் மீண்டும் செழித்த ஊர் அது. 2020 கணக்கெடுப்பின்படி அதன் நிலையான மக்கள்தொகை 14,000-ஐச் சற்றே தாண்டும். கோடையில் அது பல மடங்காகப் பெருகுகிறது.

பணக்காரர்கள் ஏன் என்பதற்கு விடை அந்த வீடுகளில் இருக்கிறது. இதைப் புரியவைக்க நான் காரைக்குடிப் பக்கத்தைத்தான் சுட்டிக்காட்டுவேன். மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், கானாடுகாத்தானிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள செட்டிநாட்டு வீடுகளில் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன; கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் திறக்கப்படுகின்றன. வளவு எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள ஒவ்வோர் அறையும் ஒரு மகனின் வழியினருக்கு உரியது. தலைமுறை ஏற ஏறப் பங்குதாரர்கள் பெருகுகிறார்கள். விற்க வேண்டுமானால் எல்லோரும் ஒப்ப வேண்டும். எங்கெங்கோ வேலை பார்ப்பவர்கள் ஒரே கூரையின் கீழ் நான்கு நாட்கள் தங்கும்போது பழைய கணக்குகள் எல்லாம் மேலே வருகின்றன. அமெரிக்கத் தீவின் கோடை வீடும் இதே நெருக்கடியைத்தான் சுமக்கிறது. கைவிட மனமில்லாத, காப்பாற்றப் பணம் போதாத, ஒருவருக்கு மட்டும் உரியதல்லாத ஒரு வீடு இருந்தால், ரகசியத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

“நூல் அறிமுகம், மதிப்புரை, விமர்சனம் மூணும் ஒண்ணுதானே?”

இல்லை. அறிமுகம், இப்படி ஒரு நூல் வந்திருக்கிறது என்று தெரிவிப்பது. மதிப்புரை, நூலை இன்னும் படிக்காதவருக்காக, அதைப் படிக்கலாமா என்று முடிவுசெய்ய உதவும்படி எழுதப்படுவது. விமர்சனம், படித்துவிட்டவரோடு நடத்தும் உரையாடல்; அதில் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசலாம். மற்ற நாவல்களில் இந்த எல்லைகள் கலந்தாலும் பெரிய இழப்பில்லை. மர்ம நாவலில் கலந்தால், படிக்காதவருக்கு உரிய ஒன்று பறிபோகிறது. இந்தப் பக்கம் மதிப்புரையைப் பற்றியது.

“ஒரு தடவை படிச்சா போதாதா?”

நேரம் இருந்தால் இரண்டு முறை படியுங்கள். முதல் முறை எந்தக் குறிப்பும் எடுக்காமல், மற்ற வாசகர்களைப் போலவே ஏமாறவும் தயாராகப் படிக்க வேண்டும். எந்த இடத்தில் யாரைச் சந்தேகித்தீர்கள் என்பதை மட்டும் பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள். முடிவு தெரிந்தபின், ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று மனம் நம்மை நம்பவைத்துவிடும் என்பதால் அந்தத் தாள் அவசியம். இரண்டாம் முறை பென்சிலோடு, முடிவு தெரிந்த கண்ணோடு, ஆசிரியர் எங்கெங்கே உண்மையைக் கண்ணெதிரே வைத்துவிட்டு நம் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார் என்று பாருங்கள். மாதிரிக் கதையில் கேக் பற்றிய வாக்கியம் முதல் வாசிப்பில் கண்ணில் படவே படாது. முழுவதும் இயலாவிட்டால், முதல் ஐந்து அத்தியாயங்களையாவது மீண்டும் படித்துவிட்டு எழுதுங்கள்.

“கதைச் சுருக்கம் எவ்வளவு சொல்லலாம்? எங்கே நிறுத்துவது?”

நாவலின் முதல் கால் பகுதியில் வெளிப்படையாக நடப்பவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. மாதிரிக் கதைக்கு இப்படி எழுதுவேன்: “பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்காகத் தீவு வீட்டில் கூடும் ஒரு குடும்பம், மறுநாள் காலை தங்கள் வக்கீலைப் படகுக் கொட்டகையில் பிணமாகக் காண்கிறது. மூடுபனி ஃபெர்ரியை நிறுத்திவிட, யார் மீது யாருக்கு என்ன மனக்கசப்பு என்பது ஒவ்வொன்றாக வெளிவருகிறது.” அடமானம் இதில் இல்லை. அது நூலின் நடுப்பகுதியில் தெரியவரும் செய்தி. அதற்குரிய அதிர்ச்சியை அந்தப் பக்கத்திலேயே வாசகர் அடையட்டும்.

பின்னட்டையில் இருப்பதையெல்லாம் சொல்லலாமே என்று சிலர் வாதிடுவார்கள். பின்னட்டை விற்பதற்காக எழுதப்படுகிறது, சில வேளைகளில் பாதிக் கதையையே அது சொல்லிவிடுகிறது. பின்னட்டையைப் படிக்காமல் உங்கள் மதிப்புரையை மட்டும் படித்துவிட்டு நூலை எடுப்பவரும் இருக்கிறார்.

“கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்குன்னு மட்டும் சொன்னா என்ன தப்பு? யார்னு சொல்லலையே?”

பெயரைச் சொல்லாமலே ரகசியத்தை உடைக்கலாம் என்பதை எங்கள் வட்டத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். ‘கடைசி இருபது பக்கங்களில் எல்லாம் தலைகீழாகிறது’ என்று எழுதினால், இருபது பக்கங்களுக்கு முன்பு ஒருவர் பிடிபடும்போது அவர் குற்றவாளி அல்லர் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் கட்டிய பொய் முடிவு முழுவதும் வீணாகிறது. ‘அமைதியாக இருப்பவர்களை நம்பாதீர்கள்’ என்று முடித்தால், அந்த நாவலில் அமைதியாக இருப்பவர் ஒருவர்தான் என்றால், பெயரைச் சொன்னதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. மாதிரிக் கதைக்கு ‘படகு நேரங்களை நுணுக்கமாகக் கையாண்டிருக்கிறார்’ என்று பாராட்டினால் தடயத்தின் மீது விரலை வைத்துக் காட்டியாயிற்று.

ஒப்பீடு இன்னும் ஆபத்தானது. பலரும் அறிந்த ஒரு பழைய நாவலைச் சொல்லி, ‘அதே தந்திரத்தை இங்கேயும் காண்கிறோம்’ என்று எழுதினால் ஒரே வரியில் இரண்டு நூல்களின் முடிவும் போய்விடுகிறது. ஒப்பிட வேண்டுமானால் நடையை, சூழலை, வேகத்தை ஒப்பிடுங்கள்.

“முடிவு படு மோசம். ஆனா முடிவைச் சொல்லாம அது மோசம்னு எப்படிச் சொல்றது?”

இதுதான் மர்ம நாவல் மதிப்புரையின் கடினமான பகுதி. முடிவின் உள்ளடக்கத்தைச் சொல்லாமல், அதிலுள்ள குறையின் இனத்தைச் சொல்லலாம். இதற்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். துப்பறிபவர் கண்ட தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும். அதுவரை உலகம் அறியாத நஞ்சு கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட ரகசிய வழி கூடாது. முன்னறிவிப்பின்றி இரட்டையர் வந்து நிற்கக் கூடாது. விதிகளை மீறியும் வென்ற கதைகள் உண்டு. அவற்றின் பெயரைச் சொன்னாலே முடிவு தெரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லை. விதிகளுக்கு அடியில் இருக்கும் நேர்மை ஒன்றுதான்: கடைசிப் பக்கத்தை மூடும் வாசகர், ‘எனக்கும் காட்டினார், நான் பார்க்கவில்லை’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனவே, ‘முடிவுக்குத் தேவையான முக்கியச் செய்தி ஒன்று மிகத் தாமதமாக நம் கைக்கு வருகிறது’ என்று எழுதலாம். ‘குற்றத்தின் வழிமுறை நம்பும்படி இருக்கிறது, குற்றத்தின் காரணம் அந்தச் செயலைத் தாங்கும் அளவுக்கு வலுவாக இல்லை’ என்று எழுதலாம். ‘தடயங்கள் விடையைத் தருவதற்கு முன்பே ஒருவர் தாமாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்’ என்றும் எழுதலாம். ஆனால் அந்த ஒருவர் ஆணா பெண்ணா என்பது வினைமுற்றில் தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

“நாப்பதாம் பக்கத்துலேயே கண்டுபிடிச்சிட்டேன். அப்ப நாவல் தோல்விதானே?”

முதலில், நான் மேலே சொன்ன தாளை எடுத்துப் பாருங்கள். அதில் நாற்பதாம் பக்கத்துக்கு நேரே ஒரே ஒரு பெயர் இருக்கிறதா, நான்கு பெயர்கள் இருக்கின்றனவா? நான்கு பேரைச் சந்தேகித்துவிட்டு அதில் ஒருவர் சரியாக அமைந்தால் அதைக் கண்டுபிடிப்பு என்று கொள்ள முடியாது. உண்மையிலேயே ஒருவரைத்தான் சந்தேகித்தீர்கள் என்றால், தடயத்தால் சந்தேகித்தீர்களா, பழக்கத்தால் சந்தேகித்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூறு மர்ம நாவல் படித்தவர், ‘இவ்வளவு நல்லவராகக் காட்டினால் இவர்தான்’ என்று ஊகிப்பார். வருடத்துக்கு ஒரு நாவல் படிப்பவர் அப்படி ஊகிக்க மாட்டார். பீச் ரீட் பெரும்பாலும் அவருக்காக எழுதப்படுவது. ‘இவ்வகையில் நிறையப் படித்தவர்களுக்கு விடை முன்கூட்டியே பிடிபடக்கூடும்’ என்ற ஒரு வாக்கியம் போதுமானது. எந்தப் பக்கத்தில் என்று சொல்ல வேண்டியதில்லை.

“இந்தப் பணக்காரங்க மேல எனக்கு அனுதாபமே வரல. அதை எழுதலாமா?”

எழுதலாம். ஆனால் அது நாவலின் குறையா, நாவல் விரும்பிய விளைவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வகை நாவல்கள் வாசகரை ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளில் நிறுத்துகின்றன: அந்த வீட்டின் வராந்தாவில் உட்கார்ந்து சிங்கி இறால் சாப்பிடவும் ஆசை, அந்த வீடு இடிந்து விழுவதைப் பார்க்கவும் ஆசை. இரண்டையும் நேர்மையாகக் கையாளும் ஆசிரியர், செல்வத்தின் பளபளப்பைப் பட்டியலிடுவதோடு நிற்காமல், இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தை நம்மை உணரவைப்பார். அடமானப் பத்திரத்தில் கையெழுத்திட்ட இரவில் ஒருவர் எப்படித் தூங்கினார் என்பதை நாவல் காட்டுகிறதா என்று பாருங்கள். அது இருந்தால், அவரை விரும்பாமலேயே அவரைப் புரிந்துகொள்ள முடியும். நூறு பக்கங்களுக்குக் கைப்பை, கடிகாரம், மது வகைகளின் பெயர்கள் மட்டுமே வந்தால், அதைக் குறையாகத் தயங்காமல் எழுதுங்கள்.

“வீட்டு வேலை செய்யற அந்தப் பெண் சின்னப் பாத்திரம்தானே டீச்சர்? மதிப்புரையில எதுக்கு?”

நான் இந்தத் தொகுப்பை எழுத நினைத்ததற்கு இந்தக் கேள்வியே முதற்காரணம். அத்தகைய தீவுகளில் கோடை முடிந்ததும் சொந்தக்காரர்கள் போய்விடுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் தண்ணீர்க் குழாய் உறையாமலும் கூரை ஒழுகாமலும் பார்த்துக்கொள்பவர்கள், படகு ஓட்டுபவர்கள், பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள் ஆகியோருக்கு அங்கே வீடு கிடைப்பதே கடினம். விலை அவ்வளவு ஏறிவிட்டதால் நான்டக்கெட்டில் வேலை பார்ப்பவர்களில் சிலர் நாள்தோறும் கரையிலிருந்து படகிலோ சிறு விமானத்திலோ வந்துபோகிறார்கள். சாவிக்கொத்து அவர்களிடம் இருக்கிறது; எந்த அறையில் யார் தூங்கவில்லை என்பதும் தெரியும். செல்வந்தர்களின் ரகசியத்தைப் பற்றிய நாவல் என்றால், ரகசியத்தை முதலில் அறிபவர் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குபவராகத்தான் இருக்க முடியும். அவரைப் பிணத்தைக் கண்டு அலறுவதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு அடுப்படிக்கு அனுப்பிவிடும் நாவல், தன் பொருளையே பாதிதான் பார்த்திருக்கிறது.

மாதிரிக் கதையில் தீர்மானமான தடயம் அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே வருகிறது. வேலைக்காரப் பெண்ணின் சமையலறைப் பேச்சை நாம் பொருட்படுத்துவதில்லை என்பதை அறிந்தே ஆசிரியர் அதை அங்கே வைத்திருக்கிறார். இதைவிடப் பெரிய பாராட்டு அந்த நாவலுக்கு இல்லை, ஆனால் இதை அப்படியே எழுதினால் தடயம் வெளியாகிவிடும். எனவே நான் பாராட்டைப் பரப்பிவிடுவேன்: ஃபெர்ரி ஊழியர், கடைக்காரர், தோட்டக்காரர், இந்தப் பெண் ஆகிய எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, ‘தீவில் ஆண்டு முழுவதும் வாழ்பவர்களின் பேச்சை ஆசிரியர் அக்கறையோடு கேட்டிருக்கிறார்’ என்று எழுதுவேன். படித்து முடித்த பின் அந்த வாக்கியத்துக்குத் திரும்பி வருபவருக்கு அதன் முழுப் பொருளும் கிடைக்கும்.

“நான் அந்தத் தீவுக்கே போனதில்ல. இடத்தைச் சரியா காட்டியிருக்காங்களான்னு நான் எப்படிச் சொல்ல?”

நீங்கள் உள்ளூர்க்காரரைப் போலத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கதைக்குள் இடம் முரணில்லாமல் இருக்கிறதா என்று சொன்னால் போதும். நான்டக்கெட்டுக்கு விரைவுப் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரமும் சாதாரணப் படகு இரண்டேகால் மணி நேரமும் எடுக்கும். அந்தத் தீவில் நடக்கும் கதையில் ஒருவர் மதிய உணவுக்குப் பின் கரைக்குப் போய், அலுவல் முடித்து, மாலைத் தேநீருக்குத் திரும்பிவிட்டால் கேள்வி எழுப்பலாம். வண்ணம் பூசாத தேவதாரு ஓடுகள் கடற்காற்றில் சாம்பல் நிறமாகிப்போன சுவர்கள் அந்தத் தீவின் அடையாளம். அங்கே பளிச்சென்ற மஞ்சள் வீட்டைக் காட்டும் நாவலைச் சற்று ஐயத்தோடு படிக்கலாம்.

கூடவே, தீவு என்றால் என்னவென்று நம்மில் பலருக்கு அனுபவமே உண்டு. ராமேஸ்வரம் மதுரையிலிருந்து 170 கிலோமீட்டர்தான். 1914-இல் ரயில் பாலம் வந்தது. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. அதற்கு முன் ரயில் நின்றால் அக்கரையில் இருந்தவர் அக்கரையில்தான். 1964 டிசம்பர் புயலைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டவர்களுக்கு, துண்டிக்கப்படுவது என்ற சொல்லின் கனம் தெரியும். ஃபெர்ரி நின்றுவிட்டது என்று நாவல் சொல்லும்போது அந்தக் கனம் பக்கத்தில் இறங்கியிருக்கிறதா என்று உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

“இங்கிலீஷ்ல படிச்சிட்டுத் தமிழ்ல எழுதறப்ப எங்கெல்லாம் மாட்டிக்குவோம்?”

மூன்று இடங்களில். முதலாவது வினைமுற்று. ‘கொலையாளி திட்டமிட்டே செய்தான்’ என்று எழுதிய கணத்தில், சந்தேகப் பட்டியலில் இருந்த பெண்கள் எல்லோரும் விடுதலையாகிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் வினைச்சொல் பாலைக் காட்டாது, தமிழில் காட்டும். ஆகவே ‘கொலை செய்தவர்’, ‘இதைச் செய்தவர் திட்டமிட்டிருக்கிறார்’ என்று பலர்பாலிலேயே முழு மதிப்புரையையும் எழுதப் பழகுங்கள். இரண்டாவது உறவுமுறை. ஆங்கிலத்தில் ‘கசின்’ என்ற ஒரே சொல் அத்தை மகளையும் சித்தப்பா மகனையும் குறிக்கும். ‘ஆன்ட்டி’ அத்தையும் ஆவார், சித்தியும் ஆவார். யார் யாருக்கு உண்மையில் பிள்ளை என்பதே ரகசியமாக இருக்கும் நாவலில், நாம் அவசரப்பட்டு ‘பெரியம்மா’ என்று எழுதினால் இல்லாத உறவை உண்டாக்கவோ, மறைத்த உறவை வெளிப்படுத்தவோ நேரும். நாவல் சொல்லும் வரை ‘உறவினர்’ என்றே இருக்கட்டும்.

மூன்றாவது, எனக்கு மனத்தாங்கல் தருவது. எங்கள் வட்டத்து மதிப்புரைகளில் வீட்டின் சொந்தக்காரர்கள் ‘அவர்’ ஆகவும், வீட்டைப் பராமரிக்கும் பெண் ‘அவள்’ ஆகவும் எழுதப்படுவதை ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் திருத்தியிருக்கிறேன். மூல நூலில் அந்த வேறுபாடு கிடையாது. நாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். இருபத்தைந்து வயது வாரிசுக்கு ‘வந்தார்’ என்றும் அறுபது வயதுப் பணியாளருக்கு ‘வந்தாள்’ என்றும் எழுதும் கை, மேலே சொன்ன கேக் வாக்கியத்தை நிச்சயமாகத் தவறவிட்டிருக்கும். எல்லோருக்கும் ‘அவர்’ என்று எழுதுங்கள்.

“சிலப்பதிகாரத்துல பதிகத்துலேயே முழுக் கதையும் வந்துடுது. அதனால சுவை குறைஞ்சிடுச்சா? இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பொத்திவைக்கணும்?”

தமிழ் முதுகலை படிக்கும் ஒரு மாணவர் கேட்டது, நல்ல கேள்வி. சிலம்பைத் திருடியவர் பொற்கொல்லர் என்று நமக்குத் தெரியும், அரசனுக்குத் தெரியாது. நாம் தெரிந்துகொண்டே, தடுக்க முடியாமல், கோவலன் மதுரைத் தெருவில் நடந்துபோவதைப் பார்க்கிறோம். அந்தக் காப்பியத்தின் துயரம் நாம் அறிந்திருப்பதால் உண்டாகிறது. மர்ம நாவலில் நாமும் அறியாதவர்களின் பக்கத்தில் நிறுத்தப்படுகிறோம். அரசனைப் போலத் தவறான ஆளைச் சந்தேகிக்கும் வாய்ப்பு நமக்கே தரப்படுகிறது. தவறிழைக்கும் அந்த வாய்ப்பைத்தான் மதிப்புரையாளர் பறித்துவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. சிலம்புக்குள் இருந்தது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்த அந்த வழக்காடு காட்சியைவிடத் தூய்மையான தடயத்தை எந்தத் துப்பறியும் நாவலிலும் நான் கண்டதில்லை. முடிவு தெரிந்த பின்னும் மீண்டும் படிக்கத் தூண்டுகிறதா என்ற கேள்வியைப் பீச் ரீட்டிடமும் கேட்கலாம். ஆனால் இரண்டாம் வாசிப்பு யாருக்கும் முதல் வாசிப்பாக அமைந்துவிட வேண்டாம்.

“பதிப்பகம் இலவசமா பிரதி அனுப்பியிருக்கு. குறை எழுதலாமா?”

மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பக் கேட்பது தமிழ் இதழ்களில் நெடுங்கால வழக்கம். அது புத்தகத்தைப் படிக்கக் கொடுப்பது, கருத்தை விலைக்கு வாங்குவதல்ல. பிரதி இலவசமாக வந்தது என்பதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு, நினைத்ததை எழுதுங்கள்.

“அஞ்சுக்கு எத்தனை ஸ்டார் போடறது?”

இலக்கியப் பெருநாவலோடு ஒப்பிட்டு ஒரு நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள். இதே வகையில் நீங்கள் படித்தவற்றோடு ஒப்பிட்டுப் போடுங்கள். நட்சத்திரமே போடாமல் எழுதுவது எனக்கு உவப்பு.

“வட்டத்துல முடிவைப் பேசியே ஆகணுமே, படிக்காதவங்களும் உக்காந்திருப்பாங்களே?”

நாங்கள் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். தேநீருக்கு முன் மதிப்புரை, அது எல்லோருக்கும். தேநீருக்குப் பின் விமர்சனம். மூன்றாம் கேள்வியில் சொன்ன பொருளில். முடிக்காதவர்கள் கீழே கூடத்தில் போய் உட்கார்ந்து தங்கள் பிரதியைத் தொடர்ந்து படிக்கிறார்கள். எழுத்தில் இரண்டையும் ஒரே இடத்தில் தர வேண்டுமானால், ‘இதற்குக் கீழே முடிவு பேசப்படுகிறது’ என்று தனி வரியில் எழுதி, பத்து வரி இடம் விட்டுத் தொடங்குங்கள். கண் தானாகக் கீழே போய்விடும் தூரத்தில் வைக்காதீர்கள்.

“லைப்ரரில எடுத்த புத்தகத்துல யாரோ கொலையாளி பேரைச் சுத்தி வட்டம் போட்டிருக்காங்க. இனி நான் மதிப்புரை எழுதலாமா?”

பள்ளி நூலகத்தில் இருந்த ஆண்டுகளில் இந்தக் குற்றத்தை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே பென்சிலால் பெயரை எழுதிவைப்பவர்களும் உண்டு. உங்களுக்கு நேர்ந்தது இழப்புத்தான். ஆனாலும் எழுதலாம். இரண்டாம் வாசிப்பு உங்களுக்கு முதலிலேயே தரப்பட்டிருக்கிறது என்று கொண்டு, தடயங்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன, யாருடைய பேச்சில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். விடை எளிதில் பிடிபடுமா என்பதைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லாதீர்கள். அதைச் சொல்லும் தகுதி உங்களிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. முடிவு முன்பே தெரிந்த நிலையில் படித்தேன் என்பதை மதிப்புரையின் தொடக்கத்தில் குறிப்பிடுங்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்த வட்டத்தை ரப்பரால் அழித்துவிடுங்கள். பேனாவால் போட்டிருந்தால், அதே பக்கத்தில் வேறு நான்கு பெயர்களைச் சுற்றியும் அதே போல வட்டம் போட்டுவிடச் சொல்லுவாள் என் பேத்தி. நான், நூலகரிடம் காட்டிவிட்டு வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்கச் சொல்வேன். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.